பம்ப் பாட்டில் எத்தனை கிலோ அழுத்தம் கேட்கிறது?

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம், விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. ஷாம்பு பம்ப்பையும் தரை துடைக்கும் ஸ்ப்ரேயையும் அழுத்தச் சிரமப்படுகிறார். எது லேசானது என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பாட்டிலை அதன்மேல் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, பம்ப்பை மெதுவாகக் கடைசிவரை அழுத்துங்கள். வழியில் தெரியும் அதிகபட்ச எண்தான் அந்த பம்ப் கேட்கும் அழுத்தம். தலை அடியில் முட்டிய பிறகு எண் தாறுமாறாக ஏறும், அதைச் சேர்க்காதீர்கள். எண்கள் வேகமாக மாறுவதால் போனில் வீடியோ எடுத்துப் பார்ப்பது நல்லது.

உள்ளே ஷாம்புவே இருக்கட்டும். தண்ணீர் ஊற்றிச் சோதித்தால் எல்லா பம்ப்பும் லேசாகத்தான் தெரியும். கெட்டியான திரவம் குறுகலான குழாயில் ஏற மறுக்கும்; வேகமாக அழுத்தினால் எதிர்ப்பு இன்னும் கூடும்.

சரி, எவ்வளவு இருக்கலாம்? அமெரிக்காவின் 2010 மாற்றுத்திறனாளி அணுகல் விதிகள், கையால் இயக்கும் பாகங்களுக்கு 5 பவுண்டு, அதாவது சுமார் 2.27 கிலோவை உச்சவரம்பாக வைத்திருக்கின்றன. இறுக்கிப் பிடிக்காமல், கிள்ளாமல், மணிக்கட்டைத் திருகாமல் ஒரே கையால் இயக்க முடிய வேண்டும் என்றும் சொல்கின்றன. அது கட்டடங்களுக்கான விதி, கடையில் விற்கும் பாட்டிலுக்கு அல்ல. வீங்கிய விரலுக்கு அந்த அளவே அதிகம் என்பது என் கருத்து. ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேடுங்கள். உள்ளங்கையால் அழுத்தும்படி தலை அகலமாக இருந்தால் விரலுக்கு வேலையே இல்லை.

ஸ்ப்ரேக்கு, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு வேண்டும். ஒருவர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள, விரலால் இழுக்கும் விசையில் (ட்ரிக்கர்) கொக்கியை மாட்டி இழுங்கள். விசையின் நுனியில் மாட்டினால் எண் குறையும், மேலே கீலுக்கு அருகில் மாட்டினால் கூடும். அதனால் மூன்று நான்கு விரல்கள் பதியும் நீள விசையாகப் பார்த்து வாங்குங்கள். கட்டை விசை அம்மாவுக்கு வேண்டாம்.

கடைசியாக அம்மாவே அழுத்திப் பார்க்கட்டும், அதுவும் காலையில் எழுந்தவுடன், சோப்பு நுரை படிந்த ஈரக் கையோடு. முடக்குவாதத்தில் மூட்டு இறுக்கம் காலையில்தான் அதிகம். ஒரு தடவை குளிக்க எத்தனை முறை அழுத்த வேண்டியிருக்கிறது என்றும் எண்ணுங்கள். லேசான பம்ப், ஆனால் பத்து தடவை அழுத்த வேண்டும் என்றால் கை ஓய்ந்துவிடும்.

அப்புறம், பழைய ஷாம்பு பம்ப்பைத் தூக்கிப் போடும் முன் அதைக் கழற்றி, வெந்நீரில் வைத்துச் சில தடவை அழுத்துங்கள். வாயில் காய்ந்த ஷாம்பு அடைத்திருந்தாலும் இதே சிரமம்தான் வரும்.