சிடிஎஸ் ஆங்கிலத் தாளில் நான்கு விடையும் சரி போலவே தெரிகிறதே, என்ன செய்வது?

கேள்வி: தமிழ்வழியில் படித்தவன், இப்போது பி.எஸ்சி. கடைசி வருடம். சிடிஎஸ் (முப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க யூபிஎஸ்சி, அதாவது மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம், நடத்தும் தேர்வு) எழுதி சென்னை ஓடிஏவுக்கு, அதாவது ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு, போக ஆசை. கிராமர் விதிகள் ஓரளவு மனப்பாடம் ஆகிவிட்டன. ஆனால் வாக்கியத்தில் தப்பு எங்கே என்று கேட்டால் கண்ணில் படுவதில்லை. பாசேஜ் கேள்விகளில் நான்கு விடையும் சரி போலவே தெரிகிறது. மூன்று மாதம் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

நானும் பன்னிரண்டாவது வரை தமிழ்வழிதான். சிடிஎஸ் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை எழுத்துத் தேர்விலேயே போச்சு. இரண்டாம் முறை தேறி, எழுத்துத் தேர்வுக்கு அடுத்த கட்டமான பெங்களூரு எஸ்எஸ்பி நேர்முகத் தேர்வில் ஐந்தாம் நாள் கான்ஃபரன்ஸ் (தேர்வுக் குழு கூடி முடிவெடுக்கும் கடைசிக் கட்டம்) வரை உட்கார்ந்திருந்துவிட்டு, தேர்வாகாமல், பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். ஆகவே இது ஆபீசர் சொல்லும் அறிவுரை இல்லை. ஆங்கிலத் தாளை ஒரு தடவை கோட்டைவிட்டு, அடுத்த தடவை பிடித்தவன் சொல்வது, அவ்வளவுதான்.

முதலில் கணக்கு. ஓடிஏவுக்கு மட்டும் எழுதுபவர்களுக்கு கணிதத் தாள் கிடையாது. ஆங்கிலம் 100, பொது அறிவு 100, மொத்தம் 200. அதாவது எழுத்துத் தேர்வில் சரிபாதி ஆங்கிலம். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள், ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள், மூன்று தப்பு சேர்ந்து ஒரு சரியைத் தின்றுவிடும். ஒன்றுமே தெரியாமல் நான்கில் ஒன்றைக் குத்தினால் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரே ஒரு விடையையாவது இது நிச்சயம் இல்லை என்று கழிக்க முடிந்தால், அதற்கப்புறம் குத்துவது உங்களுக்குச் சாதகம். இது தெரியாமல் முதல் முறை சந்தேகமாக இருந்ததை எல்லாம் காலியாக விட்டுவிட்டு வந்தேன். பாதுகாப்பாக எழுதியிருக்கிறோம் என்ற நினைப்பு வேறு.

சரி, கிராமர். நான் போன பயிற்சி வகுப்பில் தினமும் ஒரே மந்திரம்: "ஆங்கிலத்திலேயே யோசி." அதை நம்பி இரண்டு மாதம் வீணாக்கினேன். யோசிப்பது எந்த மொழியில் என்பது பிரச்சினையே இல்லை. தாளில் இருப்பதைப் பார்க்கிறோமா, இல்லை இருக்கும் என்று நாமே எதிர்பார்ப்பதைப் பார்க்கிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "த சவுண்ட் ஆஃப் த கன்ஸ் வேர் ஹெர்ட் இன் த வில்லேஜ்." தப்பு கண்டுபிடிக்கும் பகுதியில் இப்படி ஒரு வாக்கியத்தில் மூன்று இடங்களில் கோடு போட்டு ஏ, பி, சி என்று பெயர் வைத்திருப்பார்கள். தப்பே இல்லை என்றால் டி. இந்த வாக்கியத்தை வேகமாகப் படித்தால் காதுக்கு நன்றாகவே இருக்கும். ஏனென்றால் 'கன்ஸ்' பன்மை, அதை ஒட்டி 'வேர்' வருகிறது, இரண்டும் பொருந்திப்போகிறது. இப்போது அதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: துப்பாக்கிகளின் சத்தம் ஊருக்குள் கேட்டது. 'சத்தம் கேட்டன' என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். கேட்டது சத்தம், துப்பாக்கிகள் இல்லை. ஆக 'வாஸ்' வர வேண்டும்.

ஏன் ஆங்கிலத்தில் மட்டும் ஏமாறுகிறோம்? தமிழில் 'துப்பாக்கிகளின்' என்பது முன்னால் வந்துவிடும், 'சத்தம்' வினைக்குப் பக்கத்தில் நிற்கும். ஆங்கிலத்தில் இது தலைகீழ். சத்தத்தை முதலில் சொல்லிவிட்டு, அதன் பின்னால் 'ஆஃப் த கன்ஸ்' என்று ஒரு வாலை ஒட்டுவார்கள். அந்த வால்தான் வினைக்குப் பக்கத்தில் வந்து நின்று, நான்தான் எழுவாய் என்று நம்மை ஏய்க்கிறது. கேள்வி போடுபவர்களுக்கு இது தெரியும். அதனால் வாலை இன்னும் நீட்டுவார்கள், நடுவில் 'ஹூ' போட்டு ஒரு கிளை வாக்கியத்தையே செருகுவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வினையைப் பார்த்ததும், இதைச் செய்தது யார், எது என்று தமிழில் கேளுங்கள். அந்தப் பதிலோடு வினையைப் பொருத்திப் பாருங்கள், பக்கத்தில் நிற்கும் சொல்லோடு வேண்டாம்.

இதே மாதிரி, 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் இஸ்' என்று எழுதுபவர்கள் எத்தனை பேர்! தமிழில் 'என் நண்பர்களில் ஒருவர் ராணுவத்தில் இருக்கிறார்' என்றுதான் சொல்கிறோம். 'நண்பர்களில்' பன்மை, 'இருக்கிறார்' ஒருமை. ஆங்கில விதியும் அச்சு அசல் அதேதான்: ஃப்ரெண்ட்ஸ், இஸ். இங்கே தமிழில் யோசித்தவன் பிழைத்தான்.

தமிழ் காலை வாரிவிடும் இடங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ்' பக்கத்தில் ஒரு 'அபௌட்' தானாக வந்து உட்காரும். அது தேவையே இல்லை. 'அறைக்குள் நுழைந்தான்' என்பதால் 'என்டர்' பின்னால் 'இன்டு' வரும், அதுவும் வேண்டாம். தமிழில் எல்லா ஒப்பீட்டுக்கும் ஒரே 'விட' போதும். அதனால் 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'ப்ரிஃபர்' எல்லாவற்றுக்கும் 'தேன்' போட்டுவிடுகிறோம், இவற்றுக்கு 'டு' வர வேண்டும். 'படிக்காவிட்டால்' என்பதில் எதிர்மறை உள்ளேயே இருப்பதால், 'அன்லெஸ்' போட்ட பிறகும் ஒரு 'டோன்ட்' சேர்த்துவிடுகிறோம். 'அன்லெஸ்' தன் வயிற்றுக்குள்ளேயே 'இல்லாவிட்டால்' என்பதை வைத்திருக்கிறது. அப்புறம் நம் 'இல்லையா'! எந்த வாக்கியத்தின் முடிவிலும் ஒட்டலாம். அதே தாராளத்தில் எல்லாவற்றுக்கும் 'இஸின்ட் இட்' போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் முன்னால் என்ன வினை வந்ததோ அதற்கேற்ற வால்தான் வர வேண்டும்.

ஆர்டிகிள் ('எ', 'ஆன்', 'த') தமிழில் இல்லாத சரக்கு, அதனால் அதை மட்டும் விதியாகவே படிக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். 'யுனிவர்சிட்டி' உயிரெழுத்தில் தொடங்குவதாகத் தோன்றும், ஆனால் வாயில் வருவது 'யு'. ஆகவே 'எ யுனிவர்சிட்டி'. 'என்டிஏ கேடட்' (தேசியப் பாதுகாப்பு அகாடமி மாணவர்) என்று சொல்லும்போது வாய் 'எ'யில் தொடங்குகிறது. ஆகவே 'ஆன் என்டிஏ கேடட்'.

'டி'யை நினைத்துப் பயப்படாதீர்கள். தப்பு இருந்தே தீர வேண்டும் என்ற சந்தேகப் புத்தியோடு பார்த்தால் நல்ல வாக்கியமும் நொண்டும். மூன்று இடத்தையும் காரணத்தோடு சரி என்று சொல்ல முடிந்தால் 'டி' போட்டுவிட்டு நகருங்கள்.

வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்விகளுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'ஹி', 'திஸ்', 'சச்' போன்றவை பெரும்பாலும் முன்னால் வந்த எதையோ சுட்டுகின்றன. அது எது என்று பார்த்தால் இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். அந்த ஜோடியை வைத்தே பாதி விடைகளைக் கழித்துவிடலாம். சொல்லகராதியை உட்கார்ந்து மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே சொல் இடத்துக்கு இடம் வேஷம் மாறும். 'லோன் சாங்ஷன் ஆகிவிட்டது' என்றால் நமக்குச் சந்தோஷம். ஒரு நாட்டின் மீது 'சாங்ஷன்' என்றால் அது தடை. தாளிலும் சொல்லை வாக்கியத்தோடு கொடுத்து அடிக்கோடு போட்டிருந்தால், வாக்கியத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பார்ப்பது முட்டாள்தனம்.

இப்போது பாசேஜ். உங்கள் உண்மையான பிரச்சினை இதுதான் என்று நினைக்கிறேன். கிராமரில் பக்கத்துச் சொல் ஏமாற்றுகிறது என்றால், இங்கே நம் மண்டையில் ஏற்கெனவே இருப்பது ஏமாற்றுகிறது. நானே ஒரு பத்தி எழுதிக் காட்டுகிறேன். தேர்வில் ஆங்கிலத்தில் வரும், இங்கே தமிழில் வைத்துக்கொள்ளுங்கள்.

"மலைப் புல்வெளிகளில் வேகமாக வளரும் மரங்களை நட்ட சில இடங்களில், சில ஆண்டுகளிலேயே ஓடைகளில் நீர் குறைந்தது. மரங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. புல்லுக்கு உரிய நிலத்தை வெறும் நிலம் என்று நினைத்தவர்கள்தான் இதற்குப் பொறுப்பு."

ஆசிரியர் சொல்ல வருவது என்ன? ஏ: மரம் நடுவது இயற்கைக்கு நல்லது. பி: மலைப் பகுதிகளில் மரம் நடுவதை நிறுத்த வேண்டும். சி: புல்வெளிக்கும் தனி மதிப்பு உண்டு என்பதை மரம் நட்டவர்கள் உணரவில்லை. டி: மரம் நட்டால் ஓடைகள் வற்றிவிடும்.

ஏ உலகத்தில் உண்மையாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியிருப்போம், சுவரில் படித்திருப்போம், அதனால் கை தானாக அங்கே போகும். பத்தியில் அது எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. பி ஒரு முடிவு மாதிரி கம்பீரமாகத் தெரிகிறது. ஆனால் ஆசிரியர் யாருக்கும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை, பொறுப்பு யாருடையது என்று மட்டும்தான் சொல்கிறார். டி கொஞ்சம் தந்திரமானது. மரம், ஓடை என்று பத்தியின் சொற்களையே போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. பத்தியில் இருந்தது 'சில இடங்களில்', 'குறைந்தது'. டியில் அந்த 'சில' காணாமல் போய், 'குறைந்தது' என்பது 'வற்றிவிடும்' ஆகிவிட்டது. மிச்சம் சி. 'தனி மதிப்பு' என்ற சொல் பத்தியில் இல்லவே இல்லை. ஆனால் 'வெறும் நிலம் என்று நினைத்தவர்கள்' என்ற வரியை வேறு வார்த்தையில் சொன்னால் அதுதான் வரும்.

இதைக் கவனியுங்கள். சரியான விடை அடிக்கடி வேறு உடை போட்டுக்கொண்டு வரும். தப்பான விடை பத்தியின் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வரும். நான்கும் சரி போலத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டுங்கள். விரல் வைக்க இடம் இல்லை என்றால் அந்த விடை, எவ்வளவு நல்ல கருத்தாக இருந்தாலும், கிடையாது. 'எல்லா', 'எப்போதும்', 'மட்டுமே' மாதிரி சொற்கள் விடையில் இருந்தால், அதே கடுமை பத்தியிலும் இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் தோல்விக்கு அடுத்த வாரம் வீட்டில் ஒரு பழைய தாளை எடுத்து எழுதினேன். அதில் தேர்வு முறையைப் பற்றி ஒரு பாசேஜ். தேர்வுகளில் குறைகள் உண்டு, ஆனாலும் அதைவிட நல்ல வழி இன்னும் கிடைக்கவில்லை என்பது ஆசிரியர் கருத்து. நான் அப்போதுதான் தோற்று வந்தவன். 'ஆசிரியர் தேர்வுகளை எதிர்க்கிறார்' என்று அழுத்தமாக டிக் அடித்துவிட்டு, எவ்வளவு அருமையான மனிதர் என்று வேறு நினைத்துக்கொண்டேன். அந்தப் பாசேஜில் ஒரு கேள்விகூட சரியில்லை. அவர் எழுதியதை நான் படிக்கவே இல்லை, என் மனசைத்தான் படித்திருக்கிறேன்.

கேள்விகளை முதலில் படிக்கலாமா, பத்தியையா என்று கேட்பார்கள். சிடிஎஸ் பாசேஜ்கள் பொதுவாகச் சின்னவை. பத்தியை ஒரு தடவை நிதானமாக முழுசாகப் படித்துவிட்டுக் கேள்விக்குப் போவதுதான் எனக்கு ஒத்து வந்தது. கேள்வியை முதலில் படித்தால் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே ஓடுகிறோம், 'ஆனால்' என்று ஆசிரியர் திரும்பும் இடத்தைத் தவறவிட்டுவிடுகிறோம். அதற்கான நேரத்தைச் சொல் கேள்விகளில் மிச்சம் பிடியுங்கள். அங்கே தெரிந்தால் இருபது வினாடி, தெரியாவிட்டால் முழு நிமிடம் முறைத்தாலும் தெரியப்போவதில்லை.

ஆங்கிலப் பேப்பர் படி என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் முழுப் பேப்பர் வேண்டாம். ஒரு தலையங்கத்தில் இரண்டு பத்தி போதும். படித்து முடித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இவர் என்ன சொன்னார் என்று தமிழில் ஒரே வரி எழுதுங்கள். பிறகு திறந்து சரி பாருங்கள். முதல் இரண்டு வாரம் நான் எழுதிய வரிகளில் பாதி அவர் சொன்னதாக இல்லை, அந்த விஷயத்தைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

மூன்று மாதத்துக்குப் புதுப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். யூபிஎஸ்சி தளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே இருக்கின்றன. இறுதி முடிவு வந்த தேர்வுகளின் விடைகளும் அங்கேயே கிடைக்கும். வாரம் ஒரு தாள், இரண்டு மணி நேரம், நடுவில் எழுந்திருக்காமல். திருத்துவதற்கு எழுதியதைவிட அதிக நேரம் எடுங்கள். ஒவ்வொரு தப்புக்கும் எதிரே, எந்த விதி என்று எழுதாமல், ஏன் ஏமாந்தேன் என்று தமிழில் இரண்டு சொல் எழுதுங்கள். என் நோட்டில் 'பக்கத்துச் சொல்', 'பற்றி ஒட்டிக்கொண்டது', 'என் கருத்து', 'சில போய் எல்லாம் ஆச்சு', 'அவசரம்' என்று ஐந்தாறு தலைப்புகள்தான் இருந்தன. குருட்டாம்போக்கில் சரியானதையும் தப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது 'என் கருத்து' முதலிடத்தில் இருந்தது, 'பக்கத்துச் சொல்' இரண்டாவது. ராத்திரி கண் விழித்து மனப்பாடம் செய்த கஷ்டமான விதிகளால் போனவை மொத்தமே நாலைந்துதான். உங்கள் நோட்டில் வேறு மாதிரி வரலாம். முதல் இரண்டு தாள் எழுதிவிட்டு எந்தத் தலைப்பில் அதிகம் விழுந்தது என்று கமெண்டில் போடுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசுவோம்.