தெரபி அறையை இணையதளத்தில் காட்டுவது எப்படி? டர்பனிலிருந்து கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். நம் தமிழ்க்காரர்களில் தெரபி தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள், தங்கள் இடத்தை இணையதளத்தில் எப்படிக் காட்டுவது என்று கேட்டிருந்தார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, வீட்டுக்குப் பின்னால் உள்ள அவுட்பில்டிங்தான் என் அறை. ரொம்பச் சின்னது. இணையத்தில் விற்கும் அழகான படங்களைப் போடலாமா?

வேண்டாம், தம்பி. விளம்பரம் பொய்யாகவோ ஆளை ஏமாற்றுவதாகவோ இருக்கக் கூடாது என்பது, நம் மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.வின் விதி. விதி ஒரு பக்கம் இருக்கட்டும். கடல் தெரியும் கண்ணாடி ஜன்னலைப் படத்தில் பார்த்தவர், துணி காயும் கொடியைத் தாண்டி உங்கள் அறைக்கு வருகிறார். இன்னும் எதெல்லாம் சொன்னபடி இருக்காதோ என்று அவருக்குத் தோன்றாதா? அறை சின்னதாக இருப்பது ஒரு குறையே இல்லை.

வருபவர் உட்காரும் நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து, கண் மட்டத்தில் படம் எடுங்கள். உங்கள் நாற்காலி, கடிகாரம், முக்கியமாகக் கதவு, மூன்றும் தெரியட்டும். வெளியே போகும் வழி கண்ணில் பட்டால்தான் சிலருக்கு மூச்சே சீராகும். போனில் 0.5 லென்ஸ் வேண்டாம், அறையை இழுத்துப் பெரிதாக்கிவிடும். அப்புறம் வெளிச்சம். வடக்கு ஜன்னல் நல்லது என்று ஐரோப்பாக்காரர்கள் எழுதியிருப்பார்கள். இங்கே நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் வரும், அதனால் நமக்குத் தெற்கு ஜன்னல்தான் இதமான வெளிச்சம் தரும்.

பீனிக்ஸிலிருந்து: எங்கள் பக்கம் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான் பயப்படுகிறார்கள். இடத்தைக் காட்டினால் பயம் கூடாதா?

குறையும். அங்கே என்ன இருக்கும் என்று தெரியாததுதான் பயத்தைப் பெரிதாக்குகிறது. முழங்கால் வலிக்காக நான் ஒரு பிசியோவைத் தேடிப் போனேன். இணையதளத்தில் பளபளக்கும் கருவிகளின் படங்கள் நிறைய இருந்தன, வாசல் எந்தத் தெருவில் என்று மட்டும் இல்லை. கேட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்தேன். வலித்தது முழங்கால் மட்டும்தான், அதற்கே அழுகை வந்துவிட்டது. மனம் உடைந்து வருபவர் அப்படியே திரும்பிப் போயிருப்பார்.

அதனால் தெருவிலிருந்து தொடங்குங்கள். கேட், எந்த பெல்லை அழுத்த வேண்டும், வண்டியை எங்கே நிறுத்தலாம், டாக்ஸியில் வருபவர் எங்கே இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று வரிசையாகக் காட்டுங்கள். காவலர் புத்தகத்தில் பெயர் எழுதச் சொல்வார் என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். யாரைப் பார்க்க வந்தார் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதாமல் அறை எண்ணை மட்டும் எழுதினால் போதுமா என்று கட்டட நிர்வாகத்திடம் கேட்டு வையுங்கள். வெளிப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் படத்தில் தெரியட்டும், அதைத்தான் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் படிப்பார். ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் 15 நிமிட இடைவெளி விடுகிறீர்களா? அந்த ஒரு வரியைக் காத்திருக்கும் அறைப் படத்துக்குக் கீழே போடுங்கள். சொன்னால் தவறாமல் கடைப்பிடியுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்): பெற்றோர் சம்மதித்தால் பிள்ளைகள் விளையாடும் படத்தைப் போடலாமா?

போடாதீர்கள், தங்கச்சி. தனிநபர் விவரங்களைக் காக்க 2013-இல் வந்த போப்பியா சட்டம் பிள்ளைகளின் விவரங்களைத் தனிக் கவனத்தோடு காக்கச் சொல்கிறது, 2021 ஜூலை 1 முதல் அது முழுமையாக அமலில் இருக்கிறது. அம்மா இன்று கையெழுத்துப் போடுவார். ஆனால் பிள்ளைக்கு 15 வயதாகும்போது அது யாருடைய படம்?

ஆளில்லாத அறையே போதும். மண்டியிட்டு, பிள்ளையின் உயரத்திலிருந்து எடுங்கள். ஊஞ்சல், பாய், பந்துக் கூடை எல்லாம் தெரியட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அம்மா முந்தின இரவே அந்தப் படத்தைக் காட்டி, "நாளைக்கு இங்கேதான் போகிறோம்" என்று சொல்ல முடியும். ஆகவே ஊஞ்சலை இடம் மாற்றினால் படத்தையும் மாற்றுங்கள். பதிவேற்றும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேசைமேல் ஃபைலில் பெயர் தெரிகிறதா? கண்ணாடியில் யாராவது தெரிகிறார்களா? வாசலில் நிற்கும் காரின் நம்பர் தெரிகிறதா?

லெனேசியாவிலிருந்து: வாசலில் மூன்று படி இருக்கிறது. சொல்லத்தான் வேண்டுமா?

கட்டாயம். மூன்று படி, கைப்பிடி இடது பக்கம் என்று எழுதிப் படத்தையும் போடுங்கள். சாய்தளம் கட்டுவதாக இருந்தால் 1:12 கணக்கு. 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு 3.6 மீட்டர் நீளம் வேண்டும். அதுவரை சக்கர நாற்காலியில் வருபவருக்கு என்ன ஏற்பாடு என்பதையும் எழுதுங்கள்.

டோங்காட்டிலிருந்து: அறையில் முருகன் படம் இருக்கிறது. எடுத்துவிட்டுப் படம் பிடிக்கவா?

எப்போதும் அங்கே இருப்பதென்றால் படத்திலும் இருக்கட்டும். வேறு மதத்தவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தால் அறையிலிருந்தே எடுங்கள். படத்துக்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

மெரிபேங்கிலிருந்து: எத்தனை படம் போடலாம், அண்ணி?

ஆறேழு போதும். ஒவ்வொன்றும் 200 கேபிக்குள் இருக்கட்டும், டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவர்கள்தான் நம்மைத் தேடுகிறார்கள். பார்வையில்லாதவருக்காக ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். எது பின்னால் வந்தாலும் சரி, கேட்டின் படம் முதலில் வரட்டும்.