பல்லவனுக்கு எழும்பூர், நேப்பர்வில்லுக்கு யூனியன் ஸ்டேஷன்

கேள்வி: மகள் நியூஜெர்சி எடிசனில், பெரியவன் சிகாகோ பக்கம் நேப்பர்வில்லில், சின்னவன் டொராண்டோ பக்கம் மிசிசாகாவில். மூன்று வீட்டுக்கும் போகிறோம். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் நானும் ஆச்சியும் ரயிலேறி டவுனைப் பார்த்து வரலாமா? தாம்பரம் மின்சார ரயில் மாதிரிதானே?
- வாசகர், தேவகோட்டை

பதில்: தாராளமாக. ஆனால் பத்து நிமிடத்துக்கொரு வண்டி என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். அங்குள்ள வண்டிகள் ஆபீஸ்காரர்களுக்காக ஓடுபவை. நடுப்பகலில் ஒன்றை விட்டால் பல தடங்களில் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

மிசிசாகாவில், வீட்டருகே ஓடும் கோ ரயில் எந்தத் தடம் என்று முதலில் கேளுங்கள். போர்ட் கிரெடிட், கிளார்க்சன் வழியாகப் போகும் லேக்‌ஷோர் வெஸ்ட் என்றால் கவலையில்லை, நாள் முழுக்க உண்டு. குக்ஸ்வில், எரிண்டேல் வழியாகப் போகும் மில்டன் தடம் என்றால் வார நாளில் காலை டொராண்டோவுக்கு, மாலை திரும்ப, அவ்வளவுதான். தண்டவாளம் சரக்கு ரயில் கம்பெனியுடையது. அவர்கள் வண்டி போக மிச்ச நேரம்தான் பயணிக்கு. மற்ற வேளையில் கோ பஸ். கட்டணம் செலுத்தும் பிரெஸ்டோ கார்டை ஏறுமுன் ஒருமுறை, இறங்கியபின் ஒருமுறை கருவியில் தொட வேண்டும். வழிமறிக்கும் கேட் கிடையாது, அதனால் இறங்கியதும் மறந்து நடந்துவிடுவோம். போன தூரத்துக்கு மேல் காசு போகும். 65 ஆகியிருந்தால் கார்டை முதியோர் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள், தானாக மாறாது. முழங்கால் வலி உண்டென்றால் பிளாட்பாரத்தில் உயர்த்திக் கட்டிய மேடையருகே நில்லுங்கள். அங்கே நிற்கும் பெட்டியில் படியேற வேண்டாம்.

சிகாகோவின் புறநகர் ரயிலான மெட்ராவுக்கு டவுனில் நான்கு முனையங்கள். நேப்பர்வில் வண்டி யூனியன் ஸ்டேஷனில் மட்டுமே. மற்ற மூன்றில் எதில் நின்றாலும், பல்லவனுக்காக சென்ட்ரலில் நின்ற கதைதான். பிலடெல்பியாவில் 1984-இல் டவுனுக்கடியில் சுரங்கம் போட்டு இரு பக்கத் தடங்களையும் இணைத்துவிட்டார்கள். சிகாகோ இன்னும் அந்த வேலையைச் செய்யவில்லை. மெட்ராவின் மாடிப் பெட்டியில் நடுவே கூரைவரை திறப்பு. கண்டக்டர் கீழே நின்றபடியே மேலிருப்பவர் டிக்கெட்டையும் பார்த்துவிடுவார். படி குறுகல். ஆச்சிக்குக் கீழ்த்தட்டே சரி.

எடிசனிலிருந்து நியூயார்க் போக டிக்கெட்டை மெஷினிலோ செயலியிலோ முன்பே எடுங்கள். வண்டிக்குள் கண்டக்டரிடம் வாங்கினால் 5 டாலர் கூடுதல். டிக்கெட்டைப் பார்த்துவிட்டுத் துளையிட்ட சீட்டொன்றை இருக்கையில் செருகுவார். இடம் மாறினால் அதையும் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் மறுபடி டிக்கெட் கேட்பார். வழியில் ‘நியூவார்க் பென் ஸ்டேஷன்’ என்று அறிவிப்பு வரும். காதில் நியூயார்க் என்றே விழும். இறங்கிவிடாதீர்கள், நீங்கள் இறங்க வேண்டிய நியூயார்க் பென் ஸ்டேஷன் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.