கட்டுமானத்தில் இருக்கும் எரிவாயு மின்நிலையம்: நம்ம ஊர்க்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

வளைகுடா நாடுகளில் கம்பைன்டு சைக்கிள் (வாயு எரித்து ஒரு டர்பைன், அதன் சூட்டில் வரும் நீராவியால் இன்னொரு டர்பைன்) மின்நிலையங்களைக் கட்டி ஓட வைக்கும் கமிஷனிங் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். ஈரோடு, கோவை, சேலம் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோபியிலிருந்து ஒரு மாணவர்: அண்ணா, எதுக்குங்க ரெண்டு டர்பைன்?

கேஸ் டர்பைனை விட்டு வெளியே வரும் புகை 600 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும் தம்பி. அதை அப்படியே வானத்தில் விட்டால், எரித்த வாயுவின் சக்தியில் 35 முதல் 40 சதவீதம்தான் மின்சாரமாகும். அந்தப் புகையைக் கொண்டே ஒரு பாய்லரில் நீராவி எடுத்து இன்னொரு டர்பைனைச் சுற்றுகிறோம். அதற்கென்று தனியாக வாயு எரிக்க வேண்டியதில்லை. பிரான்சின் பூஷேன் நிலையம் 2016இல் இப்படி 62.22 சதவீதத்தை மின்சாரமாக்கியது.

மேட்டூரில் அனல்மின் வேலையில் இருப்பவர்: நிலக்கரி நிலையத்தை விடச் சீக்கிரம் கட்டலாமா?

கட்டலாம். பொதுவாக இரண்டரை, மூன்று வருடம் ஆகும். கேஸ் டர்பைனுக்குத் தனியாக ஒரு புகைபோக்கி வைத்துவிட்டால், நீராவிப் பக்கம் வேலை நடக்கும்போதே பாதி நிலையம் ஓட ஆரம்பித்துவிடும்.

சங்ககிரி வெல்டர் ஒருவர்: டிக் வெல்டிங் நல்லா வரும். வேலை கிடைக்குமுங்களா?

நிச்சயம் கிடைக்கும். ஆனால் பி91 இரும்பில் பழகிக்கொள்ளுங்கள். 9 சதவீதம் குரோமியம் கலந்தது, அதிக வெப்ப நீராவிக் குழாய்க்கு அதுதான். பற்ற வைக்கும் முன்பே குழாயை 200 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். முடிந்ததும் 750 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கி, மணிக்கணக்கில் அதே சூட்டில் வைத்து, மெதுவாக ஆற விட வேண்டும். அவசரப்பட்டால் இணைப்பு கண்ணாடி போல நொறுங்கும். அப்புறம் பெரும்பாலும் ராத்திரியில், ஆட்களை அப்புறப்படுத்திவிட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். உங்கள் கைவேலை அந்த ஃபிலிமில் தெரிந்துவிடும். சைட்டில் நான் மிக மதிப்பது இந்த வெல்டர்களைத்தான்.

நாமக்கல்லில் இருந்து ஒரு அம்மா: பையன் வேலை பார்க்கிற சைட்டிலிருந்து வீடியோ அனுப்பினான். காது கிழியற சத்தம், வெள்ளைப் புகை. பயமா இருக்குங்க.

பயப்படாதீங்கம்மா, அது ஸ்டீம் புளோயிங். புதுக் குழாய்களுக்குள் வெல்டிங் கசடு, துரு, மணல் எல்லாம் கிடக்கும். அதில் ஒரு துணுக்கு டர்பைனுக்குள் பறந்து போனாலும் இறக்கைகள் பள்ளமாகிவிடும். அதனால் டர்பைனை இணைக்காமல், தற்காலிகக் குழாய் வழியாக நீராவியை வெளியே பீய்ச்சி அடிக்கிறோம். குழாய் முனையில், நீராவி பாயும் பாதையில் பளபளவென்று தேய்த்த ஒரு உலோகத் தகட்டைச் செருகி வைப்போம். ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விழுந்திருக்கும் புள்ளிகளை எண்ணுவோம். முதலில் அம்மை போட்ட மாதிரி இருக்கும். அடித்து அடித்துத்தான் குறையும். எத்தனை நாள் ஆனாலும், தகடு சுத்தமாக வரும்வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. தேதி நெருங்குகிறது என்று இதில் யாராவது அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தம்பியைக் காதடைப்பான் போட்டுக்கொண்டு, கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நிற்கச் சொல்லுங்கள்.

காங்கேயம் விவசாயி: தண்ணியை உறிஞ்சிருமா? குழாய் எங்க காட்டுல வருமா?

டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர்விக்கத்தான் தண்ணீர் அதிகம் வேண்டும். இங்கே மொத்த மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் நீராவியில் வருகிறது. அதனால் நிலக்கரி நிலையத்தை விடத் தண்ணீர் ரொம்பக் குறைவு. நீராவியைக் காற்றாலேயே குளிர்வித்து மறுபடி தண்ணீராக்கும் கண்டென்சரும் உண்டு. எங்கள் பாலைவன சைட்டுகளில் பார்க்கலாம்.

குழாய் விஷயம் உங்களுக்கே தெரியும் ஐயா. கொச்சியிலிருந்து வரும் எரிவாயுக் குழாய்க்கு எதிராகக் கொங்கு மாவட்ட விவசாயிகள் போராடினார்கள். நெடுஞ்சாலை ஓரமாகப் பதிக்கச் சொன்னது அன்றைய மாநில அரசு. 2016இல் உச்ச நீதிமன்றம் விளைநிலம் வழியாகப் போக அனுமதித்தது. சாலையோரம் செலவு கூடினாலும் அதுதான் நியாயம் என்பது என் எண்ணம்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்: இங்கே ஒண்ணு வந்தா கரண்ட் விலை இறங்குமா?

இறங்காதுங்க. தமிழ்நாட்டின் குத்தாலம், திருமாக்கோட்டை, வழுதூர் எரிவாயு நிலையங்கள் அங்கே இருப்பதற்குக் காரணமே பக்கத்தில் வாயு கிடைப்பதுதான். கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் வாயு வரத்து சரிந்தபிறகு, நாட்டில் எத்தனையோ நிலையங்கள் ஓடாமல் நின்றன. இறக்குமதி வாயு விலை அதிகம். சூரியன் சாய்ந்து, உடுமலைப் பக்கக் காற்றாலைகளும் சுற்றாத மாலை நேரத்தில்தான் இதன் அருமை தெரியும். கேஸ் டர்பைனை அரை மணி நேரத்தில் ஓட்டிவிடலாம். ஆறிப்போன நிலக்கரி யூனிட்டுக்குப் பல மணி நேரம் வேண்டும்.

கரூரிலிருந்து: சித்திரை வெயிலில் அதே அளவு ஓடுமா?

ஓடாது. பெயர்ப்பலகையில் எழுதும் திறன் 15 டிகிரி காற்றுக்கானது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, டர்பைனுக்குள் போகும் எடையும் குறையும், மின்சாரமும் குறையும். அதனால் உள்ளே வரும் காற்றைத் தண்ணீர் நனைத்த அட்டைகள் வழியாக இழுத்துக் குளிர்விப்பார்கள். கரூர் வெயிலுக்கு அதை வாங்கும்போதே சேர்த்து வாங்குவதுதான் சரி.