கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி

பூச்சிகள், காட்டுப் பூக்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ஏற்காட்டுக் காபி எஸ்டேட் ஒன்றில் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது கன்னங்குறிச்சியில் வசிக்கிறார்.

கேள்வி: மகள் வயிற்றுப் பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். விடிந்ததும் செடிகொடிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறாள். எறும்பு ஊர்ந்தால்கூட, "அம்மாயி, சீக்கிரம் வாங்க" என்று கூப்பாடு. எனக்கோ பூச்சியைக் கண்டாலே மருந்து அடிக்கத்தான் கை போகிறது. அவளுக்கு வருகிற அந்த ஆச்சரியம், அறுபது தாண்டிய எனக்கும் வருமா ஐயா?
- வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: வரும். ஆனால் நின்றுகொண்டு பார்த்தால் வராது. ஒரு முக்காலியைக் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் போட்டு உட்காருங்கள். முழங்காலுக்கும் நல்லது.

கொழுந்து இலைகளைப் பாருங்கள். கடுகளவில் வெளிர்மஞ்சள் உருண்டை ஒட்டியிருந்தால் வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டிருக்கிறது. பக்கத்து இலையில் குருவி எச்சம் தெரிகிறதா? துடைத்துவிடாதீர்கள். ஈர்க்குச்சியால் லேசாகத் தொடுங்கள். எச்சம் நகரும்! குட்டிப் புழு போட்டிருக்கிற வேஷம் அது. எச்சத்தை எந்தக் குருவி கொத்தப் போகிறது? வளர்ந்து தோல் உரித்ததும் இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். அப்போது சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டைக் கொம்பு நீளும், கூடவே ஒரு வாடையும். பேத்தி கத்துவாள். நீங்களும் கத்துவீர்கள். அதைத்தானே கேட்டீர்கள்?

செடி மொட்டையாகிவிடுமே என்பீர்கள். ஒரு கிளையைப் புழுக்களுக்கு எழுதிக்கொடுத்துவிடுங்கள். ரசத்துக்கு மிச்சம் போதும். செடி ரொம்பச் சின்னது என்றால் புழுவை எலுமிச்சைக்கு மாற்றுங்கள், அதையும் தின்னும்.

இறக்கை முளைத்த பிறகும் ஒரு கூத்து உண்டு. ஆண் கருப்பு, பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்களில் பலவற்றுக்குச் சிவப்புப் புள்ளிகளும் இருக்கும். அந்தச் சிவப்பு இரவல். வரப்பில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளர்கிற வேறொரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. அதன் உடம்பில் நஞ்சு, இறக்கையில் சிவப்புப் புள்ளி. ஒருமுறை கொத்திப் பட்ட பறவை மறுபடி கிட்டே போகாது. நம் கறிவேப்பிலைக்காரி நஞ்சு இல்லாமலே, அவளுடைய சேலையைக் கட்டிக்கொண்டு தப்பித்துவிடுகிறாள்.

மருந்து அடிக்கும் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. அராபிகா காபியில் வெள்ளைத் தண்டு துளைப்பான் புகுந்தால் செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். எரித்த செடிகளை நோட்டில் கணக்கெழுதியே சில சீசன் எனக்குப் போயிருக்கிறது. அது பிழைப்பு. வாசலில் நிற்கும் ஒற்றைக் கறிவேப்பிலைக்கு அந்தச் சண்டை எதற்கு?

கேள்வி: சின்ன வயதில் குழியானை பிடித்து விளையாடுவோம். இப்போது கண்ணிலேயே படுவதில்லை. அழிந்துவிட்டதா?
- வாசகர், சூரமங்கலம்

பதில்: குழியானை இருக்கிறது. நம் மண் வாசல்தான் டைல்ஸ் ஆகிவிட்டது. அதற்குச் சாரல் படாத நைசான புழுதி வேண்டும். பழைய கோயில் மண்டப ஓரத்திலோ மாட்டுக்கொட்டகை ஓட்டுக்கு அடியிலோ தேடுங்கள், குழி இருக்கும். விளிம்பில் புல் நுனியால் கொஞ்சம் மண்ணைச் சரித்தால், அடியிலிருந்து தலையாலேயே வாரி இறைக்கும். எறும்பு விழுந்தால் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை வெளியே வீசிவிடும். தோண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகத்தான் போகும்.

இதே ஆள்தான் பிறகு இறக்கை முளைத்து, ராத்திரி லைட்டைச் சுற்ற வருவது. தட்டான் என்று நினைத்து விட்டிருப்பீர்கள். தட்டானுக்கு மீசை இருப்பதே தெரியாது. இதற்கு நீளமாக, நுனி தடித்து இருக்கும்.

கேள்வி: ஏற்காடு போயிருந்தபோது என் மூன்று வயது மகன் பார்த்த பூவையெல்லாம் பிடுங்கி வாயில் வைத்தான். தும்பைப் பூவில் தேன் உறிஞ்சப் பழக்கியது என் மாமனார். அவனைத் தடுக்கலாமா?
- வாசகி, ஆத்தூர்

பதில்: தும்பை விஷயத்தில் நான் மாமனார் கட்சி. மருந்து அடிக்காத இடமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆனால் தும்பைக்கு முன்னால் அவனுக்குக் காந்தளைக் காட்டியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் வேலியிலும் புதரிலும் ஏறி நிற்கும். நம் மாநில மலர். இலையின் நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். இதழ் பச்சையாகத் தொடங்கி, மஞ்சளாகி, கடைசியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் மூன்றையும் பார்க்கலாம். பார்ப்பதோடு சரி. செடி முழுக்க நஞ்சு, கிழங்கு ரொம்ப மோசம். ஊமத்தை, அரளியும் அப்படித்தான். தப்பித்தவறிக் கடித்துவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், செடியில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: குறிஞ்சி பூப்பதைக் குழந்தைகளுக்குக் காட்ட ஆசை. ஏற்காட்டுக்கு எப்போது வரலாம்?
- வாசகர், ஓமலூர்

பதில்: குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை. அதற்குள் உங்கள் குழந்தைகளுக்கு மீசை முளைத்துவிடும். இன்றைக்கே ஓமலூரில் பஸ் ஸ்டாப் ஓரமாகப் பார்த்தால் தாத்தாப்பூ இருக்கும். வெட்டுக்காயத்துக்கு இலையைக் கசக்கி வைப்போமே, அதுதான். தலையைச் சுண்டிவிட்டு விளையாடாமல் ஒன்றைப் பறித்துக் கிட்டத்தில் பாருங்கள். ஓரத்தில் மூன்று பல்லோடு நிற்கிற வெள்ளை இதழ் ஒவ்வொன்றும் தனிப் பூ. நடுவில் நெருக்கியடிக்கும் மஞ்சள் குழல்களும் ஒவ்வொன்றாகத் தனிப் பூக்கள். பூதக்கண்ணாடி இல்லையென்றால் பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, கண் வைக்கிற முனையைப் பூவுக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோங்கள். நன்றாகவே தெரியும்.