அமெரிக்க அரசின் கடன் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டியும் ஏன் செலவைக் குறைக்க முடியவில்லை?

வெட்டுவதற்கு இடம் குறைவு. 2024 நிதியாண்டில் செலவு சுமார் 6.75 லட்சம் கோடி டாலர், பற்றாக்குறை 1.8 லட்சம் கோடி. செலவில் பெரும்பகுதி முதியோர் ஓய்வூதியம், மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவி), கடனுக்கான வட்டி. இவை ஆண்டுதோறும் புது ஒப்புதல் இல்லாமலே, இருக்கும் சட்டப்படி போய்க்கொண்டிருக்கும். வட்டி ராணுவச் செலவையே மிஞ்சிவிட்டது.

சரி, மீதியை வெட்டலாமே? ராணுவம் நீங்கலாக, ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் கல்வி, ஆராய்ச்சி, வீட்டுவசதி எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தினாலும் ஒரு லட்சம் கோடி தேறாது. பற்றாக்குறைப் பள்ளத்தில் ஏறக்குறைய பாதிதான் நிரம்பும்.

ஓய்வூதியத்தில் கைவைத்தால் ஓட்டுப் போய்விடும் என்ற பயம் இரு கட்சிகளுக்கும் உண்டு. ஆனால் ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033 வாக்கில் தீரும் என்று அதன் அறங்காவலர்களே கணித்திருக்கிறார்கள். அப்புறம் சட்டப்படியே தொகை குறையும்; அதை மட்டுமே நம்பி வாழும் முதியவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.