அலுவலக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டு திருடும் பாக்கெட் ஸ்னிஃபரைத் தடுக்க ஆன்டிவைரஸ் மட்டும் போதுமா?

போதாது. நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளை (பாக்கெட்) ஒட்டுக்கேட்டுப் பிடிக்கும் நிரல்தான் பாக்கெட் ஸ்னிஃபர். கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் முதல் பிரிண்டர் வரை ஒருவரே பார்த்துக்கொள்ளும் ஐம்பது, அறுபது பேர் கொண்ட அலுவலகத்திலிருந்து கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெங்களூரு பீன்யாவில் அப்படியொரு தொழிற்சாலையில் சிஸ்டம் அட்மினாக இருந்தபோதுதான் நான் இதில் அடிபட்டேன்.

2019இல் ஒரு சனிக்கிழமை மாலை, உடன் வேலை பார்த்த கிருஷ்ணகிரிப் பையன் வந்து, "அண்ணா, அட்டெண்டன்ஸ் சர்வர்ல டிஸ்க் நிரம்பப் போகுது, பழைய லாக்கை அழிச்சிரட்டுமா?" என்று கேட்டான். சரி என்று சொல்லியிருந்தால் விஷயம் அன்றே புதைந்திருக்கும். எது இடத்தை அடைக்கிறது என்று தேடிப் போனபோது, புள்ளியில் தொடங்கும் பெயருடன் மறைந்திருந்த இரண்டு கோப்புகள் அகப்பட்டன. பெரியதில் பிடித்த பாக்கெட்டுகள் அப்படியே கொட்டிக் கிடந்தன. சிறியதில் அவற்றிலிருந்து பொறுக்கியெடுத்த நேரம், ஐபி முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு ஆகியவை வரிவரியாக இருந்தன. மூன்றாவது வரி என்னுடையது. மகளின் பெயரும் அவள் பிறந்த ஆண்டும். கணக்குப் பிரிவு மேடத்தின் மெயில் பாஸ்வேர்டும் இருந்தது. ஜிஎஸ்டி தளத்துக்கும் அதையேதான் அவர் வைத்திருந்தார்.

பதற்றத்தில் என் மேசைக்கு ஓடி, வழக்கம்போல் டெல்நெட்டில் (தட்டுவதை மறையாக்கமின்றி அப்படியே அனுப்பும் பழைய தொலை இணைப்பு முறை) மைய ஸ்விட்சுக்குள் நுழைந்து பாஸ்வேர்டை மாற்றினேன். திரும்பி வந்து அந்தக் கோப்பைத் திறந்தால், புதிய பாஸ்வேர்டு இரண்டு முறை பதிவாகியிருந்தது. உறுதிசெய்ய இரண்டு முறை தட்டினேன் அல்லவா!

"ஸ்விட்ச் இருக்கும்போது ஒருவர் பாக்கெட் இன்னொருவருக்கு எப்படிப் போகும், இவர் ஹப் காலத்துக் கதை சொல்கிறார்" என்று கீழே எழுத யாராவது வருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய ஹப் வந்ததை எல்லோருக்கும் அனுப்பும், ஸ்விட்ச் உரியவருக்கு மட்டும் அனுப்பும் என்பது உண்மைதான். ஆனால் எந்த ஐபி முகவரி எந்தக் கணினிக்கு உரியது என்று குறித்துவைக்கும் ஏஆர்பி அட்டவணையில் பொய்யான பதிவை ஏற்றினால் ஸ்விட்ச் உள்ள நெட்வொர்க்கிலும் பாக்கெட்டுகளைத் திருப்பலாம். எங்களிடமோ திருடனுக்கு அந்தச் சிரமம்கூட இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், நெட்வொர்க் ஏன் மந்தமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க, முதல் தளத்து அப்லிங்கில் (மைய ஸ்விட்சுக்குப் போகும் இணைப்பு) போகும் அனைத்தின் நகல் முழுவதும் வருமாறு ஒரு மிரர் போர்ட் அமைத்து, அந்த சர்வரின் இரண்டாவது லேன் கார்டில் செருகியவன் நானே. ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. கேபிளைப் பிடுங்க மறந்தேன். வெண்டர் வெளியிலிருந்து வந்து பழுது பார்க்க வசதியாக, தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான 22ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்ததும், முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கின் பாஸ்வேர்டு எவரும் ஊகிக்கக்கூடியதாக இருந்ததும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

1995இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஸ்னிஃபர் வைத்துப் பாஸ்வேர்டுகளைத் திருடிய பிறகுதான், அங்கிருந்த டாட்டு யுலோனென், டெல்நெட்டுக்கு மாற்றாக எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச்சை எழுதினார். இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்தும் நான் டெல்நெட்டில் இருந்தேன். ஆன்டிவைரஸைக் குறை சொல்வதில் பொருளில்லை. அந்த லினக்ஸ் சர்வரில் அது நிறுவப்படவே இல்லை. நிறுவியிருந்தாலும், நாம் பழுது பார்க்கப் பயன்படுத்தும் கருவிகளின் அதே நூலகத்தைக் கொண்டே ஸ்னிஃபரும் இயங்கக்கூடும் என்பதால், இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. லேன் கார்டு, தனக்கு வராத பாக்கெட்டுகளையும் வாங்கிக்கொள்ளும் புராமிஸ்குவஸ் நிலைக்குப் போனால் லினக்ஸ் கெர்னல் லாக்கில் ஒரு வரி விழும். அதைக் கவனிக்க ஓர் எச்சரிக்கை வைப்பது நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியதில் வரிசை முக்கியம். முதலில் சந்தேகத்துக்குரிய கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரித்து, புதிதாக நிறுவுங்கள். அடுத்து டெல்நெட், கோப்பு அனுப்பும் எஃப்டிபி, 110ஆம் போர்ட்டில் மறையாக்கமின்றிப் போகும் மெயில் ஆகியவற்றை நிறுத்தி, முறையே எஸ்எஸ்எச், எஸ்எஃப்டிபி, மறையாக்கிய மெயிலுக்கான 995ஆம் போர்ட் என்று மாறுங்கள். உள் பயன்பாட்டுக்கான இணையப் பக்கமானாலும் மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் சான்றிதழ் போடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே, சுத்தமான மடிக்கணினியிலிருந்து எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றி, இரண்டாம் நிலைச் சரிபார்ப்பையும் சேர்த்துவிடுங்கள். ஸ்விட்ச் நிர்வாகத்துக்குத் தனி விலேன் (மற்றவற்றிலிருந்து பிரித்த நெட்வொர்க்) கொடுங்கள். பொய்யான முகவரிப் பதிவுகளைத் தடுக்கும் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கும் டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷனும் எங்கள் மைய ஸ்விட்சில் முன்பே இருந்தன, நான்தான் இயக்கவில்லை.

மறையாக்கம் எல்லாவற்றையும் காத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் தட்டச்சு செய்யும் கணினியிலேயே மால்வேர் இருந்தால், மறையாக்கத்துக்கு முன்பே அது படித்துவிடும். 2018இல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் ரவுட்டர்களிலும் சேமிப்புச் சாதனங்களிலும் பரவிய விபிஎன்ஃபில்டர் என்ற மால்வேரில் ஸ்னிஃபர் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆகவே ரவுட்டரின் ஃபர்ம்வேரையும் (உள்ளே இயங்கும் மென்பொருள்) புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஒரு வயிற்றெரிச்சல். ஆன்டிவைரஸ் புதுப்பிப்புக்குக் கேட்ட அன்றே கையெழுத்துப் போட்ட நிர்வாகம், எஸ்எஸ்எச் வசதியே இல்லாத இரண்டு பழைய ஸ்விட்சுகளை மாற்றுவதற்கான கொட்டேஷனை எட்டு மாதம் கொள்முதல் பிரிவில் தூங்கவிட்டது. அந்த எட்டு மாதமும், அவற்றில் ஒரு சிறு மாற்றம் செய்வதற்குக்கூட, ஸ்விட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு, மடிக்கணினியை ஒரு கையில் பிடித்தபடி ஷாப் ஃப்ளோர் ஏணியில் நானே ஏறி இறங்கினேன்.